கைக்கயிறு ஏழும் போன ஆடிக் கிருத்திகை

திருத்தணி மலைமேல், கோயில் மைக் முன்னால் உட்காரப்போகும் மூன்று பேருக்கும் வணக்கம். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் ஓசூரில் இருப்பேன். வீட்டுக்காரருக்கு அங்கே வேலை மாறிவிட்டது. பெட்டி கட்டுகிற இடைவெளியில் எழுதுகிறேன். நடுவில் இரண்டு முறை எழுந்துபோய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டது. மூடித்தான் இருக்கிறது.

போவதற்குள் பணி அனுபவங்களை எழுதிக் கொடு என்று கேட்டது கஸ்தூரி. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தெலுங்கில் அறிவிப்புச் செய்பவள். என் வயதுதான். அதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது, எனக்கு முப்பத்திரண்டுதானே ஆகிறது என்றேன்.

"நீ பயந்த பயத்துக்கு நாப்பது வருசம் சர்வீஸ் போட்ட மாதிரிதான்டி. எழுது" என்றாள்.

எந்த சுவிட்ச் எதற்கு, மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஆபரேட்டர் சேகர் சொல்லிக்கொடுப்பார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். நான் எழுதப்போவது, அந்த அறையில் என்ன செய்வதென்று யாருமே சொல்லிக்கொடுக்காத நேரங்களைப் பற்றி.

அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படிகள் முடிகிற இடத்துக்கு அருகில் ஒரு சன்னல், ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். அங்கே நாம் பேசுவது கீழே குளக்கரை வரைக்கும் கேட்கும். கிருத்திகை நாட்களிலும் திருவிழா நாட்களிலும் காணாமல் போனவர்களும், காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களும் அந்த ஒரு சன்னலுக்குத்தான் வருவார்கள். இருவரையும் சேர்த்து வைப்பது நம் வேலை. சொல்ல எளிது.

என் முதல் நாளில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். நான் பட்டம் பெற்றவள் அல்லவா, அடையாளங்களை ஒன்றுவிடாமல் கவனித்துக் கணீரென்று அறிவித்தேன். வயது நான்கு. மொட்டைத் தலை. தலையில் சந்தனம். மஞ்சள் உடை. பெயர் முருகன்.

பத்து நிமிடத்தில் சன்னலுக்கு வெளியே ஒரு பெரிய வரிசை. திருத்தணி மலையில் ஆடிக் கிருத்திகையன்று நான்கு வயதுக் குழந்தை வேறு எப்படித்தான் இருக்கும்? குழந்தையைத் தொலைத்தவர்கள் வந்தார்கள். தொலைக்காதவர்களும் வந்தார்கள். ஒருவர் தோளில் ஒரு மொட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேடம், கூட்டத்துல மாத்தி கீத்தி தூக்கிகினு வந்துட்டனா, இது என்னுதுதானா, கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்றார். நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்! பயத்தில் உண்மையிலேயே ஒரு நிமிடம் பார்த்தேன்.

கஸ்தூரி மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். அன்று மாலை நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தோம். உடம்பில் மச்சம் எங்கே, கடைசியாகப் போட்டிருந்த உடை எது, பிறந்த தேதி, காதில் என்ன மாதிரித் தோடு. பெற்றவர்களைத் தவிர யாருக்கும் விடை தெரியாத ஏழு கேள்விகள். அதற்கு லேமினேஷன் போட்டுச் சுவரில் மாட்டினோம். இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல தாள்தான். ஆனால் அது எப்போது உதவாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

இனி வெட்கப்பட வேண்டிய பகுதி.

அந்த நாட்களில் என் வலது மணிக்கட்டில் ஏழு கயிறுகள் இருக்கும். கண்ணேறு படாமலிருக்கக் கறுப்பு. என் மகள் இனியா பிறந்தபோது கட்டிய சிவப்பு. அண்டை வீட்டு அக்கா காசியிலிருந்து கொண்டுவந்தது ஒன்று. தேர்வுக்காகக் கட்டி, தேர்ச்சி பெற்ற பிறகும் அவிழ்க்கப் பயந்து விட்டுவைத்தது ஒன்று. மற்ற மூன்றும் எதற்கென்று எனக்கே மறந்துவிட்டது. மறந்ததாலேயே அவிழ்க்க இன்னும் பயம். கைப்பையில் மந்திரித்த எலுமிச்சம்பழம், மூன்று ஊர்த் திருநீற்றுப் பொட்டலங்கள், ஒரு யந்திர அட்டை. இவை போதாதென்று, நான் சேர்ந்திருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் மூன்று நிமிடம் ஒரு குரல் பதிவு வரும். "இன்று உங்களுக்கு எல்லாம் நலமே" என்று அது முடியும். அதைக் கேட்காமல் நான் படியேறியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் கஸ்தூரியின் தலையாட்டல். ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்னும் எழுதியதை அவள் பக்கம் தள்ளுவேன். அவள் தலையாட்டினால்தான் பொத்தானை அழுத்துவேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று அறிவிப்பதற்குக்கூட.

"இன்னாடி ரேவதி, கையா இது? கயித்துக் கடையா?" என்பாள். "முருகன் வாசல்ல உக்காந்துகினு ஊர் ஊரா பாதுகாப்பு வரவழைக்கிறியே, அவன் இன்னா நெனப்பான்?"

"அவர் ஒன்றும் நினைக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு, நினைப்பாரோ என்று அன்றிரவு முழுக்க யோசித்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு தைக் கிருத்திகையன்று அந்தக் கறுப்புக் கயிறு மேசை முனையில் மாட்டி அறுந்துவிட்டது. மைக் பொத்தானைத் தொடவே பயந்து கையை இழுத்துக்கொண்டேன். தொண்டை கட்டிக்கொண்டது என்று பொய் சொன்னேன். கஸ்தூரி தேநீர் குடிக்கப் போயிருந்தாள். அறையில் ஒரு பெரியவர், மகன் குடும்பத்தைத் தவறவிட்டுவிட்டு, செருப்பில்லாமல், வெயிலில் சுட்ட பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி வந்து அறிவித்ததும் ஐந்தே நிமிடத்தில் மகன் ஓடிவந்தார். பக்கத்திலேயேதான் நின்றிருந்தாராம். ஆக, அந்தப் பெரியவர் அரை மணி நேரம் காத்திருந்தது என் கயிறு அறுந்ததற்காக. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அறுந்ததற்குப் பதிலாக மறுநாளே வேறு கயிறு கட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடிக் கிருத்திகை. நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

விடியற்காலையில் கஸ்தூரியிடமிருந்து அழைப்பு. நகரியில் அவள் தங்கைக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம்.

"இன்னிக்கா? இன்னிக்குப் போயா கஸ்தூரி?"

"ஏன், பொறக்கப்போற கொழந்தைக்கு உன் டியூட்டி சார்ட்ட அனுப்பி வைக்கட்டுமா? போடி. ரெண்டு பாஷையும் நீயே பேசிடு. வீட்ல தெலுங்குலதானே சண்ட போடுவ?"

வீட்டில் இனியாவுக்கு லேசாக உடம்பு சுட்டது. மாமியார், "நான் பாத்துக்கிறேன், நீ கெளம்பு" என்றார். அவர் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். இருந்தாலும் மருந்தளவை நான் மூன்று இடத்தில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். மலையடிவாரத்தில் குரல் பதிவைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு கூட்டத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும்? எனக்கு எல்லாம் நலம்தானா என்று தெரியாமலேயே படியேறினேன்.

கஸ்தூரியின் நாற்காலியில் என் கைப்பையை வைத்தேன். முதல் அறிவிப்பை எழுதி, பழக்கத்தில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தேன்.

"மேடம்" என்றார் சேகர். "பேகு தலையாட்டாது. பேசுங்க."

பேசினேன். காவடிகள் வந்தபடி இருந்தன. பதினொரு மணிவாக்கில் ஒரு பெண் காவலர், அலறிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைத் தூக்கிவந்து என் மடியில் போட்டார். பெண் குழந்தை. நான்கு வயது இருக்கும். மொட்டை, சந்தனம், மஞ்சள் கவுன். மேற்கொண்டு அடையாளம் கேட்காதீர்கள்.

"உன் பேர் என்ன கண்ணு?"

"தேஜு பாப்பா."

"அப்பா பேர்?"

"நைனா."

"ஊர்?"

"வீடு."

இரண்டு மொழியிலும் தேஜு பாப்பா என்று பத்துப் பன்னிரண்டு முறை அறிவித்துவிட்டேன். யாரும் வரவில்லை. அழுகை மட்டும் ஓயவில்லை. பிஸ்கட் வேண்டாம். தண்ணீர் வேண்டாம். திடீரென்று என் மணிக்கட்டைப் பார்த்து அழுகையை நிறுத்தினாள்.

"அத்து குடு" என்று சிவப்புக் கயிற்றைக் காட்டினாள். அவளுக்கு அது வேண்டுமாம்.

"இது சாமிக் கயிறுடா கண்ணு."

உடனே அலறல். மைக் பக்கத்தில். கீழே குளக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். சேகர் காதைப் பொத்திக்கொண்டு, "குடுத்துருங்க மேடம், முருகன் கோச்சிக்க மாட்டாரு, நான் கோச்சிக்குவேன்" என்றார்.

சிவப்பைக் கொடுத்தேன். அதைச் சன்னல் கம்பியில் சுற்றினாள். அடுத்து கறுப்பு. அது மைக் கம்பத்துக்குப் போனது. காசிக் கயிறு சேகரின் சுண்டுவிரலுக்கு. ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மனசில்லாமல்தான் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஐந்து நிமிட அமைதி கிடைத்தது. அந்த ஐந்து நிமிடத்தில் மற்றவர்களுக்கான அறிவிப்புகளை முடித்துக்கொண்டேன். ஏழும் தீர்ந்ததும் பையைக் கவிழ்த்தாள். எலுமிச்சம்பழத்தைக் கடித்தாள். முகம் கோணலாகச் சுருங்கி, பிறகு முதன்முறையாகச் சிரித்தாள். மூன்று ஊர்த் திருநீறும் சேகரின் முகத்துக்குப் போனது. யந்திர அட்டை விசிறி ஆனது. செல்போனில் இனியாவின் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சார்ஜை முடித்தாள். பன்னிரண்டு மணிக்குள் என்னிடம் இருந்ததெல்லாம் அந்த அறையில் சிதறிக் கிடந்தது. நான் மட்டும் நாற்காலியில் இருந்தேன்.

அப்போதுதான் சன்னலுக்கு வெளியே ஒருவர் வந்து கம்பியைப் பிடித்தார்.

"தேஜூ! எம் பொண்ணு மேடம்! இதான் எம் பொண்ணு!" குரலே இல்லை. கத்திக் கத்தித் தேடியதில் தொண்டை கிழிந்து காற்றுதான் வந்தது.

தேஜு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் "பூச்சாண்டி!" என்று வீறிட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அந்த மனிதரைச் சொல்கிறேன். தலை அப்போதுதான் மழித்தது. தாடி இல்லை, மீசை இல்லை. தாடையில் இரண்டு இடத்தில் கத்தி கீறியிருந்தது. முகம் இரண்டு நிறமாக இருந்தது. நெற்றியும் மூக்கும் வெயிலில் கறுத்து, கன்னத்திலிருந்து கீழே வெளுத்து. இருவர் முகத்தைப் பாதிப் பாதியாக ஒட்டிவைத்தது போல.

"நான் நைனாடா! பாரு, நைனா!"

"நைனா இல்ல! நைனா இல்ல!" என்று குழந்தை என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள்.

சன்னலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. பெயர் சரியாகச் சொல்கிறாரே என்றால், அந்தப் பெயரை நானே மலை முழுக்கக் கத்தியிருக்கிறேன். சுவரிலிருந்து கேள்வித்தாளை எடுத்தேன்.

"என்ன டிரஸ் போட்டிருந்தாங்க?"

"செவப்பு கவுனு."

குழந்தை மஞ்சளில் இருந்தது.

"மச்சம்?"

"மச்சமா... அவங்கம்மாவுக்குத் தெரியும் மேடம்."

"பிறந்த தேதி?"

"ஆவணில. இல்ல... ஐப்பசி. மழ பேஞ்சிகினு இருந்துச்சு."

"காதில் என்ன தோடு?"

"தோடு போட்டிருக்காளா?" என்றார் பாவம்.

என் வீட்டுக்காரரை அங்கே நிறுத்திக் கேட்டிருந்தாலும் இதே மதிப்பெண்தான் வாங்கியிருப்பார். அது எனக்குத் தெரியும். வெளியே நின்ற கூட்டத்துக்குத் தெரியாது. அடையாள அட்டையை நீட்டினார். அதில் காடாக முடியும் தாடியுமாக வேறு ஒரு ஆள். செல்போன் மனைவியிடம். சேகர் அதற்கு அடித்துப் பார்த்தார், சிக்னல் கிடைக்கவில்லை. மனைவி எங்கே என்றால், குளக்கரையில், குழந்தை தொலைந்த இடத்திலேயே தேடிக்கொண்டு நிற்கிறாளாம். கூப்பிட்டு அனுப்பினாலும் அவ்வளவு கூட்டத்தில் படியேறி வர அரை மணி ஆகும்.

"புள்ள புடிக்கிறவன்யா இவன்!" என்றார் கழுத்தில் துண்டு போட்ட ஒருவர். "வாட்ஸ்அப்புல வந்துச்சே, பாக்கல? மொட்ட போட்டுகினு கூட்டத்தோட கூட்டமா சுத்துவானுங்கன்னு!"

அவ்வளவுதான். ஒரு கை அந்த மனிதரின் தோளைப் பிடித்தது. இன்னொரு கை பிடரியை. பெண் காவலர் ஒரே ஆளாக நடுவில் நின்று, "கைய எடுங்க, கைய எடுங்க" என்று தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மேடம், இவர்தானா இல்லியா? சீக்கிரம் சொல்லுங்க. ரொம்ப நேரம் என்னால தடுக்க முடியாது."

இல்லை என்று சொன்னால் அரை மணிக்குள் அந்த மனிதரை அடித்தே போட்டுவிடுவார்கள். ஆம் என்று சொல்லி அது தவறாக இருந்தால், அந்தக் குழந்தை யாரோ ஒருவனின் தோளில் ஏறி, லட்சம் மொட்டைகளுக்கு நடுவில் ஒரு மொட்டையாக மறைந்துவிடும். அதைச் சொல்ல வேண்டியது நான். கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்லவே அனுமதி கேட்கிற நான்.

பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். கவிழ்ந்த பை. இடது கை தானாக வலது மணிக்கட்டைத் தேடிப் போனது. வெறும் தோல். கயிறு இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, எனக்கே அந்நியமாக இருந்தது.

இதற்கு மேல் நடந்ததை எழுதத் தயங்குகிறேன். பெரிதாகச் சொல்லிவிடுவேனோ, சின்னதாக்கிவிடுவேனோ என்று இரண்டு பயமும் இருக்கிறது. பயம் போய்விடவில்லை. முழங்கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆடுவது முழங்கால்தான் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒன்று ஆடவில்லை. அது எனக்குப் புதிது. கூட்டத்தின் இரைச்சல் கொஞ்சம் தள்ளிப்போனது. குழந்தையின் சூடான மூச்சு என் முதுகில் பட்டது. என் மூச்சும் எனக்குக் கேட்டது. வாழ்நாள் முழுக்க "முருகா, துணை இரு" என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து யாரையோ அவசரமாக வரச்சொல்லித்தான். அன்று யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட மறந்துவிட்டேன் என்பதே சரி. மறந்த அந்த இடைவெளியில், உள்ளே ஏற்கெனவே ஒரு துணை சாவதானமாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஐந்து வருடமாக அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். நான்தான் இடம் கொடுக்காமல் சாமான்களை அடுக்கி வைத்திருந்தேன்.

அது கடவுளா, என் மூளையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. எதை எடுத்தாலும் சந்தேகப்படுகிற நான் இதில் மட்டும் பிரித்துப் பார்க்க முயலவில்லை.

அந்த அமைதியில் இனியா நினைவுக்கு வந்தாள். ஒரு மாதத்துக்கு முன் நான் முகத்தில் கடலைமாவு பூசிக்கொண்டு திரும்பியபோது, பேயைக் கண்டது போல அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தவள். பத்து முறை "அம்மாடி, நான்தான்" என்று சொன்ன பிறகு வெளியே வந்தாள். வரும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தாள்.

கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"அண்ணா" என்று சன்னல் வழியாகக் கேட்டேன். "நீங்களும் பாப்பாவும் மட்டும் விளையாடுற விளையாட்டு ஏதாவது இருக்கா?"

"இருக்கு மேடம். நான் ஆர்.கே.பேட்டைல பவர்லூம் தறி ஓட்றேன். பாப்பா வந்து..."

"என்கிட்ட சொல்லாதீங்க!"

மைக்கை இழுத்தேன். யார் பக்கமும் பார்க்காமல் பொத்தானை அழுத்தினேன்.

"எல்லாரும் உட்காருங்க!" என்றேன். பிறகு தெலுங்கில், "அந்தரு கூர்சோண்டி!"

அது என் குரல்தான். வீட்டில்கூட நான் அப்படிப் பேசியதில்லை. சன்னலைச் சுற்றியிருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். துண்டு போட்டவரும் உட்கார்ந்தார். தரிசன வரிசையில் நின்றவர்களும், படியில் ஏறிக்கொண்டிருந்தவர்களும், கீழே குளக்கரையில் இருந்தவர்களில் பாதிப் பேரும் எதற்கென்று தெரியாமலே உட்கார்ந்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. காவடி எடுத்தவர்கள் மட்டும், நமக்குமா என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டு நின்றார்களாம்.

சேகர் கம்பியில்லாத மைக்கை எடுத்துப்போய், அந்த விளையாட்டை அதில் விளையாடச் சொல்லி அந்த மனிதரிடம் கொடுத்தார். காவலர் அவரைச் சுவருக்கு அந்தப் பக்கம், குழந்தை பார்க்க முடியாத இடத்தில் நிறுத்தினார். நான் தேஜுவை மடியில் வைத்து, உள்ளங்கையால் அவள் கண்களை மூடினேன்.

"பாக்க வேணாம் கண்ணு. கேளு."

ஒலிபெருக்கியில் முதலில் இருமல் வந்தது. பிறகு அடைத்த தொண்டையில், "டடக்..." என்று ஒரு சத்தம். "டடக்... டடக்..."

"மேடம், செட்டு போச்சு!" என்று பதறினார் சேகர்.

"டடக் டடக். டடக் டடக். டடக் டடக் டடக் டடக்..."

வேகம் பிடித்துவிட்டது. மலையிலிருந்து குளம் வரைக்கும் தறி ஓடுகிறது. என் உள்ளங்கைக்குள் இமைகள் படபடத்தன. மடியில் விறைத்திருந்த உடம்பு மெல்லத் தளர்ந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்டது. பிறகு, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, மேசை மைக்கில், தேஜு கத்தினாள்.

"கரண்ட் கட்டு!"

தறி சட்டென்று நின்றது.

அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தேஜு கொஞ்ச நேரம் விட்டுப்பிடித்தாள். எவ்வளவு நேரம் காக்க வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"கரண்ட் வந்துச்சு!"

"டடக்... டடக்..." என்று தொடங்கிய சத்தம் பாதியில் அழுகையாக உடைந்தது. எங்கோ ஒருவர் "அரோகரா" என்றார். உட்கார்ந்திருந்த மலை முழுதும் "அரோகரா" என்று முழங்கியது.

உள்ளே வந்தவரைக் கண் திறந்து பார்த்ததும் தேஜு மறுபடி பின்வாங்கினாள். அவர் அவசரப்படவில்லை. வாசலிலேயே மண்டியிட்டு, மெதுவாக, "டடக்" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அடி அடியாக நடந்துபோய், அவர் மூக்கைப் பிடித்தாள்.

துண்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு சோடாவை வாங்கிவந்து நீட்டினார். "மன்னிச்சுக்கோ நைனா. நானும் ரெண்டு பொண்ணு பெத்தவன்தான்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் அண்ணா, குழந்தையைத் தேடுற நேரத்தில் போய் முடி இறக்கினீங்க?" என்று கேட்டேன்.

"கெடச்சா முடி எறக்குறேன்னு வேண்டிக்கினேன் மேடம். அப்புறம் ஒரு யோசன. கெடச்ச பெறவு எறக்குறேன்னா சாமி நம்புமோ நம்பாதோன்னு. அதான் மொதல்லயே ஓடிப்போயி எறக்கிட்டேன்."

சேகர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க யோக்கியதை இல்லை. பிள்ளை கிடைக்க அவர் செய்ததுதான் பிள்ளையை அவரிடமிருந்து இன்னும் தள்ளி நிறுத்தியது. அந்த அறையில் ஐந்து வருடமாக நான் செய்துகொண்டிருந்ததும் வேறென்ன? வேண்டுதல் தவறு என்று சொல்லவில்லை. கயிறு கட்டாதீர்கள் என்றும் சொல்லவில்லை. நானே வீட்டுக்குப் போனதும், இனியாவுக்குச் சூடு இறங்கியிருந்தும், குரல் பதிவைத் திறந்தேன். பாதியில் தூங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உங்களிடம் தாள் இருக்கலாம், பக்கத்தில் தலையாட்ட ஆள் இருக்கலாம். அவை இல்லாத ஒரு பகல் வரும். அன்று உள்ளே திரும்பிப் பாருங்கள். காலியாக இருக்கும் என்று பயந்துதானே திரும்பாமல் இருக்கிறோம்? காலியாக இல்லை.

நான் இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். முந்தானை நனைந்திருந்தது. ஒரு செருப்பைக் காணோம். கையில் சுருட்டிய சிவப்புக் கவுன். மொட்டை போட்ட பிறகு குழந்தைக்கு மஞ்சளை மாற்றியது அவள்தான். கீழே காவடி மேளத்தில் என் அறிவிப்புகள் எதுவும் அவள் காதில் விழவில்லையாம். கூட்டம் உட்கார்ந்து அடங்கிய பிறகு ஒலிபெருக்கியில் தறிச் சத்தம் கேட்டதும் ஏறத் தொடங்கியவள், உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவில் வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்.

வாசலில் நின்றாள். மகளைப் பார்த்தாள். மகளைத் தூக்கி வைத்திருந்தவரைப் பார்த்தாள்.

"யோவ்! யாருய்யா நீ? எம் பொண்ண எறக்கு கீழ!"

"ஏய், நான்தான்டி."

"எந்த நான்? எம் புருசன் எங்க? அவுருக்குத் தாடி இருக்கும்!" என்று சொல்லும்போதே குரல் பிடிபட்டு, வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயய்யோ. திருப்பதிக்கு வளத்த முடியாச்சே!"

"ஆமாடி. மாமனுக்கு வெச்சிருந்தத மருமகனுக்குக் குடுத்துட்டேன். குடும்பத்துக்குள்ளதானே, அவங்க பேசிக்குவாங்க."

பெருமாளுக்கு நேர்ந்ததை முருகனுக்குக் கொடுத்த கணக்கை அவர் அப்படித் தீர்த்தது கேட்டு, சன்னலுக்கு வெளியே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தத் தாடையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அவர்தான் என்று தெரிகிறது, ஆனாலும் கிட்டே போகக் கால் வரவில்லை. இரண்டு மணி நேரமாக அடக்கி வைத்திருந்த அழுகை மட்டும் வரத் தொடங்கியது.

தேஜு அப்பாவின் மொட்டையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

"அம்மா, கண்ண மூடிக்கோ. அப்ப நைனா தெரியும்."

அத்தனை பேர் பார்க்க, அந்தப் பெண் கண்ணை மூடினாள். கையை நீட்டினாள். முதலில் மகளின் பாதம் கிடைத்தது. பிறகு அவருடைய தோள்.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது உடனே நன்றி வணக்கம் சொல்லி அடுத்த அறிவிப்புக்குப் போக வேண்டும் என்று தோன்றும். போகாதீர்கள். மைக்கை அணைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருங்கள்.